கோபால்ட்-60 சிதைவில் என் விடை 0.511 குறைகிறது, வெளிவரும் எலக்ட்ரான் எங்கே இருந்தது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி (கேள்வி)

வணக்கம். அணுக்கரு இயற்பியல் பாடத்தில் ஒரே ஒரு கணக்கு மூன்று நாள்களாக என்னைச் சுற்றலில் விட்டிருக்கிறது. கோபால்ட்-60 அணுக்கரு பீட்டா சிதைவுக்கு உள்ளாகி நிக்கல்-60 ஆக மாறும்போது வெளிப்படும் மொத்த ஆற்றலைக் காண வேண்டும் என்பதே கணக்கு. கோபால்ட்-60இன் நிறை 59.933816 அணுநிறை அலகு, நிக்கல்-60இன் நிறை 59.930786 அணுநிறை அலகு, எலக்ட்ரானின் நிறை 0.000549 அணுநிறை அலகு என்று கொடுத்திருக்கிறார்கள்.

சிதைவுக்குப் பின் நிக்கலும் எலக்ட்ரானும் இருக்கின்றன என்பதால், கோபால்ட்டின் நிறையிலிருந்து அவ்விரண்டின் நிறையையும் கழித்தேன். 0.002481 வந்தது. அதை 931.5ஆல் (ஓர் அணுநிறை அலகுக்கு ஈடான ஆற்றல்) பெருக்கினால் 2.31 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது (இனி மெ.எ.வோ. என்று சுருக்கி எழுதுகிறேன்). விடைப்பகுதியில் 2.82 மெ.எ.வோ. என்று இருக்கிறது. வேறுபாடு சரியாக 0.511, அதாவது ஓர் எலக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றல். எலக்ட்ரானைக் கழிக்காமல் விட்டால் விடை பொருந்துகிறது என்பது தெரிகிறது. ஆனால் வெளிவந்த ஒரு துகளை எப்படிக் கணக்கில் விடலாம் என்பது விளங்கவில்லை.

இதனோடு சேர்ந்த இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. வெளிவரும் எலக்ட்ரான், கோபால்ட்டைச் சுற்றியுள்ள 27 எலக்ட்ரான்களில் ஒன்றா, அல்லது அணுக்கருவுக்குள்ளேயே இருந்ததா? மேலும், ஹைட்ரஜன் நிறமாலைப் பாடத்திலும் காமா உமிழ்வுப் பாடத்திலும் "ஆற்றல் மட்டம்" என்ற ஒரே சொல் வருகிறது. அப்படியானால் கோபால்ட்டின் எந்த எலக்ட்ரான் கீழ் மட்டத்துக்கு இறங்குவதால் காமாக் கதிர் வருகிறது?

இயற்பியல் ஆசிரியர்

முதல் ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். நீங்கள் எலக்ட்ரானை ஒருமுறை கழிக்கவில்லை, இருமுறை கழித்துவிட்டீர்கள். கொடுக்கப்பட்ட இரண்டு எண்களும் அணுக்கருவின் நிறைகள் அல்ல. எலக்ட்ரான்களோடு கூடிய முழு நடுநிலை அணுக்களின் நிறைகள். கோபால்ட் அணுவின் நிறைக்குள் 27 எலக்ட்ரான்களும், நிக்கல் அணுவின் நிறைக்குள் 28 எலக்ட்ரான்களும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. சிதைவு நிகழ்ந்த கணத்தில் புதிய நிக்கல் அணுக்கருவைச் சுற்றிப் பழைய 27 எலக்ட்ரான்களே இருக்கின்றன. இருபத்தெட்டாவது எலக்ட்ரானாக எண்ணிக்கையில் நிற்பது வெளியே பறந்த பீட்டாத் துகள்தான். ஆகவே நடுநிலை நிக்கலின் நிறையைக் கழித்தபோதே அந்தத் துகளையும் கழித்து முடித்துவிட்டீர்கள்.

ஐயம் இருந்தால் அணுக்கரு நிறைகளைக் கொண்டே செய்து பாருங்கள். கோபால்ட்டிலிருந்து 27 எலக்ட்ரான்களின் நிறையையும், நிக்கலிலிருந்து 28 எலக்ட்ரான்களின் நிறையையும் நீக்கினால், அணுக்கருக்களின் நிறை வேறுபாடு 0.003579 ஆகும். அதிலிருந்து வெளிவந்த ஓர் எலக்ட்ரானைக் கழித்தால் 0.003030 மீண்டும் வந்து நிற்கும். அதுவே 2.82 மெ.எ.வோ.

உங்கள் முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிவந்ததைக் கழிக்க வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை. அதனால்தான் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்யாதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். பாசிட்ரான் (எலக்ட்ரானின் அதே நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட துகள்) வெளிவரும் சிதைவில் அந்தச் சூத்திரம் காலை வாரிவிடும். சோடியம்-22 அணு (11 எலக்ட்ரான்கள்) நியான்-22 (10 எலக்ட்ரான்கள்) ஆகும்போது, நியான் அணுக்கருவைச் சுற்றி ஓர் எலக்ட்ரான் மிகுதியாக நிற்கிறது. கூடவே ஒரு பாசிட்ரானும் வெளியேறியிருக்கிறது. அங்கே நடுநிலை அணுக்களின் நிறை வேறுபாடு 2.843 மெ.எ.வோ. என்றாலும், இரண்டு எலக்ட்ரான் நிறைகளுக்குரிய 1.022ஐக் கழித்து 1.821 மெ.எ.வோ. என்றே எழுத வேண்டும். ஒரு சிதைவில் கழிக்கவே கூடாது, இன்னொன்றில் இருமுறை கழிக்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இருபுறமும் எலக்ட்ரான்களை எண்ணிப் பார்ப்பது.

பொறியியல் படிப்பவர்

இரண்டாவது ஐயத்துக்கு எளிய விடை: நியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துகள். பீட்டா சிதைவில் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. உள்ளே இருந்த எலக்ட்ரான் வெளியே வருகிறது. மின்னூட்டக் கணக்கும் சரியாக வருகிறது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

மேலே உள்ள விளக்கம் பரவலாகச் சொல்லப்படுவதுதான். 1920இல் ரூதர்ஃபோர்டே நியூட்ரானை ஏறத்தாழ அப்படித்தான் கற்பனை செய்தார். எனினும் அது தவறு. தவறு என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே காட்டலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நிறை எண் 60 உடைய அணுக்கருவின் ஆரம் சுமார் 4.7 × 10⁻¹⁵ மீட்டர். அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஓர் எலக்ட்ரானை அடைத்து வைத்தால், ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி அதன் உந்தம் மிகப் பெரிதாக இருந்தே தீர வேண்டும். அந்த உந்தத்துக்குரிய ஆற்றல் ஏறத்தாழ 40 மெ.எ.வோ. என்ற அளவுக்கு வருகிறது. ஆனால் கோபால்ட்-60 வெளியிடும் பீட்டாத் துகள்களின் பெரும ஆற்றல், மிகச் சில சிதைவுகள் தவிர மற்றெல்லாவற்றிலும், 0.318 மெ.எ.வோ. மட்டுமே. உள்ளே 40 மெ.எ.வோ.வோடு அலைந்துகொண்டிருந்த எலக்ட்ரான் வெளியே வரும்போது மட்டும் இவ்வளவு அடங்கி வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நைட்ரஜன்-14 அணுக்கரு இன்னொரு சான்று. அதனுள் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும் இருப்பதாகக் கொண்டால், அரைத் தற்சுழற்சி (ஸ்பின், அதாவது துகளுக்கே உரிய கோண உந்தம்) கொண்ட 21 துகள்கள் சேர்ந்து அரை எண்ணாகவே மொத்தத் தற்சுழற்சியைத் தர முடியும். அளந்து பார்த்தால் 1 என்ற முழு எண் வருகிறது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகு, 7 புரோட்டான்கள், 7 நியூட்ரான்கள் என்று 14 துகள்களாக எண்ணியபோதுதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

எனவே அந்த எலக்ட்ரான் சுற்றுப்பாதையிலும் இல்லை, அணுக்கருவிலும் இல்லை. நியூட்ரான் புரோட்டானாக மாறும் அக்கணத்திலேயே அது உருவாகிறது. விளக்கிலிருந்து வரும் ஒளித்துகள் முன்கூட்டியே விளக்குக்குள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? 1934இல் வெளிவந்த ஃபெர்மியின் பீட்டா சிதைவுக் கோட்பாடு இந்த எண்ணத்தின் மீதே எழுப்பப்பட்டது.

எலக்ட்ரானோடு எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற மிக இலேசான துகள் ஒன்றும் உருவாகிறது. ஆல்பாத் துகள்கள் குறிப்பிட்ட சில ஆற்றல்களோடு மட்டுமே வெளிவர, பீட்டாத் துகள்களோ சுழியிலிருந்து ஒரு பெரும மதிப்பு வரை எந்த ஆற்றலோடும் வருவதை 1914இலேயே சாட்விக் காட்டியிருந்தார். ஆற்றல் அழிவின்மை விதியே இங்கே தோற்றுவிட்டதோ என்று சிலர் ஐயுற்ற நிலையில், கண்ணுக்குத் தப்பும் ஒரு துகள் மீதி ஆற்றலைக் கொண்டு போகிறது என்று 1930இல் பௌலி முன்மொழிந்தார். 1956இல் ரைன்ஸும் கோவனும் அத்துகளைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். உங்கள் 2.82இல் ஒரு பங்கை இந்தத் துகள்தான் யாருக்கும் தெரியாமல் எடுத்துச் செல்கிறது.

இனி மூன்றாவது ஐயம். காமாக் கதிருக்காக எந்த எலக்ட்ரானும் இறங்குவதில்லை, இறங்குவது அணுக்கரு. அதுவும் கோபால்ட் அணுக்கரு அன்று, நிக்கல் அணுக்கரு! "கோபால்ட் காமாக் கதிர்" என்று நாம் அழைப்பது முழுக்க நிக்கல்-60 உமிழும் கதிர். கோபால்ட்-60 சிதையும்போது பெரும்பாலும் நிக்கல்-60இன் அடிநிலை உருவாவதில்லை, அடிநிலைக்கு 2.506 மெ.எ.வோ. உயரத்தில் உள்ள ஒரு கிளர்ச்சி நிலையே உருவாகிறது. அங்கிருந்து 1.33 நிலைக்கு இறங்கும்போது 1.173 மெ.எ.வோ. காமாக் கதிரும், பின் அடிநிலைக்கு இறங்கும்போது 1.33 மெ.எ.வோ. காமாக் கதிரும் வெளிவருகின்றன. இந்த இரண்டு படிகளையும் தாண்ட ஒரு பிக்கோ வினாடி அளவு நேரமே போதும். பீட்டாவின் பெரும ஆற்றல் 0.318, காமா 1.173, காமா 1.332 ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 2.823. ஆசிரியர் காட்டிய நிறைக் கணக்கு வேறு வழியில் வந்து அதே எண்ணில் நிற்கிறது.

நேராக அடிநிலைக்கே ஏன் சிதையவில்லை என்று கேட்பீர்கள். கோபால்ட்-60இன் தற்சுழற்சி 5, நிக்கல்-60இன் அடிநிலைத் தற்சுழற்சி 0, அந்த 2.506 நிலையின் தற்சுழற்சி 4. ஐந்திலிருந்து நான்குக்கு எளிதில் போகலாம். வெளிவரும் இரண்டு இலேசான துகள்கள் ஐந்து அலகுக் கோண உந்தத்தைத் தூக்கிச் செல்வது மிக அரிது.

ஹைட்ரஜனிலும் நிக்கல் அணுக்கருவிலும் "ஆற்றல் மட்டம்" என்ற சொல் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று. சிறிய இடத்துக்குள் கட்டுண்ட எந்தத் துகளுக்கும் ஆற்றல் படிப்படியாகவே அமைகிறது. படிகளின் உயரம் துகளின் நிறைக்கும் இடத்தின் அளவின் இருமடிக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். ஹைட்ரஜன் அணுவின் ஆரம் 5.3 × 10⁻¹¹ மீட்டர். அது நம் அணுக்கருவின் ஆரத்தைப் போல் சுமார் 11,000 மடங்கு. அதன் இருமடி ஏறத்தாழ 12 கோடி. புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு கனமானது என்பதால் அதால் வகுத்தால் 66,000 மடங்கு கிடைக்கும். ஹைட்ரஜனின் முதல் இரண்டு மட்டங்களுக்கு (−13.6, −3.4) இடையே 10.2 எலக்ட்ரான் வோல்ட். அதை 66,000ஆல் பெருக்கினால் 0.7 மெ.எ.வோ. வருகிறது. இது தோராயக் கணக்குத்தான், ஆயினும் ஒன்றில் எலக்ட்ரான் வோல்ட்டும் மற்றொன்றில் மெகா எலக்ட்ரான் வோல்ட்டும் ஏன் என்பதற்கு இதைவிடக் குறுகிய விடை எனக்குத் தெரிந்து இல்லை.

பொறியியல் படிப்பவர்

திருத்தத்துக்கு நன்றி, ஐயா. எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அந்த 40 மெ.எ.வோ. கணக்கை யாரும் போட்டுக் காட்டியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

மூவருக்கும் நன்றி. காமாக் கதிர் நிக்கலுடையது என்பதைப் படித்தபோது உண்மையில் சற்று ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தேன். இப்போது இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். சூடாக்கினாலும், வேறு தனிமத்தோடு சேர்மமாக்கினாலும் அது மாறாது என்று பாடத்தில் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் மாறாது? எலக்ட்ரான்களுக்கும் சிதைவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பொருளா?

முதுகலை இயற்பியல் மாணவர்

மாறாததற்குக் காரணம் விரிவுரையாளர் காட்டிய அதே அளவு வேறுபாடுதான். சூரியனின் மேற்பரப்பு அளவுக்கு, அதாவது 5,800 கெல்வின் வரை சூடாக்கினாலும் ஒரு துகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட் அளவிலேயே இருக்கும். வேதிப்பிணைப்புகளும் சில எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மெ.எ.வோ. கணக்கில் அமைந்த படிகளை இவற்றால் அசைக்க முடியாது.

அரை ஆயுட்காலத்தைப் பற்றிப் பொதுவான ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணுக்கருவுக்கு முதுமை என்பது இல்லை. நேற்று உருவான கோபால்ட்-60 அணுக்கருவுக்கும், இருபது ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் ஒன்றுக்கும் அடுத்த ஒரு வினாடியில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான்: சுமார் 24 கோடியில் ஒன்று. 5.27 ஆண்டுகளை வினாடிகளாக்கி 0.693ஐ அதால் வகுத்தால் கிடைக்கும் சிதைவு மாறிலி, வினாடிக்கு 4.2 × 10⁻⁹, அதைத்தான் சொல்கிறது. வாய்ப்பு இவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், ஒரு கிராமில் 10²² அணுக்கள் இருப்பதால் ஒவ்வொரு வினாடியும் 4.2 × 10¹³ சிதைவுகள் நிகழ்கின்றன. அந்த ஒரு கிராம் ஏறத்தாழ 17 வாட் ஆற்றலை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் (நியூட்ரினோவோடு போவதைச் சேர்க்கவில்லை).

உங்கள் கடைசிக் கேள்வி மிக நல்ல கேள்வி. பாடநூலின் அந்த ஒற்றை வரி கோபால்ட்டுக்கு உண்மை, எல்லா அணுக்கருவுக்கும் உண்மையன்று. பெரிலியம்-7 தன் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைக் கவர்ந்தே லித்தியம்-7 ஆகிறது. அங்கே எலக்ட்ரான் சிதைவில் நேரடியாகப் பங்கெடுப்பதால், பெரிலியம் எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் 53 நாள் அரை ஆயுட்காலம் மிகச் சிறிதளவு, ஒரு சதவீதத்தை ஒட்டி, மாறுவதை அளந்திருக்கிறார்கள்.

இதைவிட வியப்பானது, சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகும் ரேனியம்-187. நடுநிலை அணுவாக இருக்கையில் அதன் பீட்டா சிதைவில் கிடைக்கும் மொத்த ஆற்றல் 2.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். அரை ஆயுட்காலம் 4,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஆய்வு நிலையத்தில் ரேனியத்தின் 75 எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டு, வெறும் அணுக்கருவைச் சேமிப்பு வளையத்தில் சுற்றவிட்டு அளந்தார்கள். 1996இல் வெளியான முடிவு: அரை ஆயுட்காலம் சுமார் 33 ஆண்டுகள். புதிதாக உருவாகும் எலக்ட்ரான் வெளியே ஓட வேண்டியதில்லை. காலியாகக் கிடக்கும் ஆஸ்மியத்தின் மிக உட்கூட்டிலேயே அமர்ந்துகொள்ளலாம். அங்கே பிணைப்பு ஆற்றல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் என்பதால், 2.5 என்ற சொற்ப ஆற்றலை நம்பியிருந்த சிதைவுக்கு அது பெரும் வரவு. ஆக, எலக்ட்ரான்களுக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லக் கூடாது; கோபால்ட்டின் 2.82 மெ.எ.வோ.வுக்கு முன் அவற்றின் பங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்

ரேனியத்தை நான் அறிந்திருக்கவில்லை. வகுப்பில் சொல்ல வேண்டியது. மாணவிக்கு ஒரு பயிற்சி. எலக்ட்ரான்களை எண்ணும் முறை அணுக்கரு வினைகளுக்கும் அப்படியே பொருந்தும். இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் முழுவதும் கோபால்ட்-59தான். அது அணு உலையில் ஒரு நியூட்ரானைக் கவர்ந்து கோபால்ட்-60 ஆகிறது. இருபுறமும் 27 எலக்ட்ரான்கள் என்பதால் எதையும் திருத்த வேண்டாம்: 58.933194உடன் 1.008665ஐக் கூட்டி 59.933816ஐக் கழித்தால் 0.008043, அதாவது 7.49 மெ.எ.வோ. இதுவும் காமாக் கதிர்களாகவே வெளியேறும். இவை மட்டும் உண்மையாகவே கோபால்ட்டின் காமாக் கதிர்கள்!

இப்போது நீங்கள் செய்து பாருங்கள். 1919இல் ரூதர்ஃபோர்டு அறிவித்த வினை: நைட்ரஜன்-14 ஓர் ஆல்பாத் துகளோடு மோதி, ஆக்சிஜன்-17உம் ஒரு புரோட்டானும் உண்டாகின்றன. நடுநிலை அணு நிறைகள்: நைட்ரஜன் 14.003074, ஹீலியம் 4.002602, ஆக்சிஜன் 16.999132, ஹைட்ரஜன் 1.007825.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

முதலில் எலக்ட்ரான்களை எண்ணினேன். இடப்புறம் 7 + 2 = 9; வலப்புறம் 8 + 1 = 9. எனவே திருத்தம் தேவையில்லை. இடப்புற மொத்தம் 18.005676, வலப்புற மொத்தம் 18.006957. வேறுபாடு −0.001281, ஆற்றல் −1.19 மெ.எ.வோ. குறைக்குறி வருகிறது என்றால் ஆற்றல் வெளிப்படவில்லை, உள்ளே கொடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆல்பாத் துகளுக்கு 1.19 மெ.எ.வோ. இயக்க ஆற்றல் இருந்தால் வினை நடந்துவிடுமா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

கணக்கு முற்றிலும் சரி. ஆனால் 1.19 போதாது. ஆல்பாத் துகள் வரும்போதே ஓர் உந்தத்தோடு வருகிறது. வினைக்குப் பின் உண்டாகும் ஆக்சிஜனும் புரோட்டானும் அந்த உந்தத்தைச் சுமந்தாக வேண்டும் என்பதால், அவை ஓய்வில் நிற்க முடியாது. அவற்றின் இயக்கத்துக்கென ஒரு பகுதி ஆற்றல் ஒதுங்கிவிடுகிறது. நைட்ரஜன் ஓய்வில் இருக்கையில், ஆல்பாவின் இயக்க ஆற்றலில் 18இல் 14 பங்கு மட்டுமே வினைக்குப் பயன்படும். எனவே தேவையான சிறும ஆற்றல் 1.19 × 18/14, அதாவது 1.53 மெ.எ.வோ. இது ஆற்றல், உந்தம் ஆகிய இரு அழிவின்மை விதிகள் மட்டும் கேட்கும் அளவு. இரண்டு அணுக்கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் மின்விலக்கு விசையையும் மீற வேண்டும். வினை தாராளமாக நடக்க இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். ரூதர்ஃபோர்டு பயன்படுத்திய ஆல்பாத் துகள்கள் 7.69 மெ.எ.வோ. ஆற்றலோடு புறப்பட்டவை.